தனித்தனி டீச்சர்

பயிற்சியின் முதல் நாள் அவர் வருகைப் பதிவுகூட எடுப்பதில்லை. பழமும் காயுமாக ஒரு கூடைத் தக்காளியை மேசையில் கொட்டிவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிறார். "அமுக்கிப் பாக்கக் கூடாது. கண்ணால பாத்துப் பிரிங்க." தடுமாறினால் அது அந்த அறையோடு போகும், வெளியே யாரும் சிரிக்க முடியாது.

விவசாயத் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவருக்குத் 'தனித்தனி டீச்சர்' என்றே பெயர். இடக்கைக்காரருக்கு வேறு கத்தரிக்கோல். குனிய முடியாதவருக்கு மேசை உயரத்தில் பாத்தி. "புரிஞ்சுதுன்னு தலைய ஆட்டாதீங்க, செஞ்சு காட்டுங்க" என்பார்.

எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பூச்சிமருந்து டப்பாக்களை நிறத்தால் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். "படிக்கவே வேணாம். பச்சைன்னா கையுறை போதும். சிவப்புன்னா என்னைக் கேக்காம தொடாதீங்க." மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், சூளை வேலையை விட்டு வந்து சேர்ந்த ஒருவர் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இது பச்சைதானே டீச்சர்?" என்று கேட்டார். வேறொருவருக்கு ஒட்டுக் கட்டக் காட்டிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பாமலே, "கண்ண எங்க வச்சிருக்கீங்க?" என்றார். வகுப்பு சிரித்தது. கேட்டவரும் சிரித்துவிட்டு மருந்து கலக்கப் போனார். அடைத்த பசுமைக்குடிலுக்குள் முகமூடி இல்லாமல் அடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

பிணவறை வாசலில் அவருடைய தம்பிதான் சொன்னார்: "அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். சின்னதுலேருந்தே அப்படி. யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு."

விசாரணையில் யார்மீதும் குற்றமில்லை என்று முடித்தார்கள். டீச்சர் பாராட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். சிவப்பு டப்பாக்களுக்கெல்லாம் உப்புத்தாள் சுற்றினார், தொட்டாலே தெரியட்டும் என்று. முதல் நாள் தக்காளிக் கூடையும் அதற்குப் பிறகு வந்ததுதான்.

இந்த ஆண்டு இறந்தவரின் மனைவி பயிற்சியில் சேர்ந்திருக்கிறார். மருந்து வகுப்பன்று டீச்சருக்கு உதவியாக நானும் இருந்தேன். மற்றவர்கள் வெளியே போனதும் அந்த அம்மாள் கேட்டார்:

"அன்னைக்கு அவரு உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையா டீச்சர்?"

"கேட்டாரும்மா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டீச்சர் ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். வகுப்பு சிரித்ததையும் சொன்னார்.

அந்த அம்மாள் செய்முறைக்கு நேரமாகிறது என்பதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினார். டீச்சர் கையுறையை எடுத்து விரல் விரலாக மாட்டிவிட்டார். சுண்டுவிரல் மட்டும் நான்கு முறை தவறியது. அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.