மணலுக்குள் ஒரு கை

பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடி கட்ட இறக்கிய ஈரமணலின் வாசம், இன்று மணலும் தண்ணீரும் இல்லாமல் போன ஆம்பூர்ப் பாலாற்றுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆற்றுமணலில் முழங்கை ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும். அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு அம்மா ஒரு குடம் நிரப்ப அரைமணி நேரமாகும், அதுவரை நான் மணலில் விளையாடிக்கொண்டிருப்பேன். தோல் பதனிடும் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் தள்ளித் தனி ஊற்று. அங்கே தன் அம்மாவோடு வரும் ராணிக்கும் என்னைப்போல் ஐந்து வயது. ஒருநாள் நடுவிலிருந்த மணல்மேட்டை அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகக் குடைய, உள்ளே விரல்கள் முட்டின. குளிர்ந்த மணலுக்குள் அவள் கை சூடாக இருந்தது. சிரிப்புத் தாங்காமல் இருவரும் பிடித்துக்கொண்டோம்.

“இன்னாடி பண்ற? கைய எடு!” என்று கத்திய அம்மா, நிரம்பிய குடத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்துவிட்டு மறுபடி மொள்ள உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ராணியின் அம்மா அவள் முதுகில் அறைந்தாள். “அவங்க பொண்ணத் தொடுவியா?”

மறுநாள் நான் கூப்பிட்டேன். ராணி இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.