படிக்கட்டில் கேட்ட சொல்

போன கிழமை மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பதின்மூன்று வயதுக்காரன், வகுப்பிலுள்ள ஹெயிட்டிப் பையன் ஒருவனைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொல்லியிருக்கிறான். பக்கத்திலிருந்த இன்னொரு தமிழ்ப் பையன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. ஆசிரியை அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்காட்டி, இதற்கு என்ன பொருள் மடாம் என்று கேட்டார். நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமை இரண்டு வீட்டாரும் பிள்ளைகளோடு வட்டமாக இருந்து பேசப்போகிறோம். சும்மா பகிடிக்குச் சொன்னது என்கிறான் மகன், அதையும் பிரெஞ்சில். எங்கள் வீட்டில் அவன் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கவே முடியாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

சொல், "கறுவல்". அதற்குப் பொருள் கேட்டு ஒரு கூட்டம் என் பக்கம் திரும்புவது இது முதல் தடவையல்ல.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் நடுமாடியில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நான், அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்த என் தம்பி. அப்பா இரவில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிவிட்டு விடியப் படுப்பார். அம்மா விடிய எழும்பித் தையல் தொழிற்சாலைக்குப் போவார். தம்பிக்குக் கார்டெரி என்ற பிள்ளைக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. கீழ்வீட்டில் இருந்த ஹெயிட்டிப் பெண்மணிதான் அவனைப் பார்த்துக்கொண்டார். அவரை நாங்கள் நேரில் மடாம் என்றோம். வீட்டுக்குள் அவருக்கு வேறு பெயர். "பிள்ளையைக் கறுவல் வீட்டை குடுக்கப்போறியோ?" என்று அப்பா ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று கேட்பார். படிக்கட்டில் இறங்கியபடியே அம்மா "ஓம்" என்பார்.

எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. ஏனென்றால் அது அப்பாவின் பெயரும்தான். ஊரிலிருந்து அப்பாவின் அக்காமார் போன் எடுத்தால் "கறுவல் நிக்கிறானோ?" என்றுதான் கேட்பார்கள். நிறத்தைப் பார்த்துப் பிறந்தபோதே வைத்த செல்லப்பெயராம். அப்பா மடாமைவிட நல்ல கறுப்பு. மடாம் பால் விட்ட கோப்பி நிறம்.

அந்தப் பனிக்காலத்தில் எங்கள் தெருத் தமிழ்ப் பையன்களுக்கும் ஹெயிட்டிப் பையன்களுக்கும் கார் நிறுத்துமிடத்தில் சண்டை வந்தது. ஒருவனின் மூக்கு உடைந்தது, ஒரு காரின் கண்ணாடி உடைந்தது. இரண்டு பக்கமும் பேசிப்பழகினால் எல்லாம் சரியாகும் என்று பக்கத்துத் தேவாலயத்துப் பாதிரியார் நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு கீழ்மண்டபத்தில் கூட்டம். எல்லோரும் ஒரு சாப்பாடு கொண்டுவர வேண்டும், தன்னை நோகச்செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சைவ சமயக்காரர். கோயில் என்றால் கோயில்தானே என்று தமிழர் எல்லோரும் பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, ஈரத்தரையில் காலுறையோடு நடந்து போனோம். மற்றவர்கள் சப்பாத்தோடு இருந்தார்கள். எங்கள் ஆட்கள் எங்களுடைய றோல்ஸையே எடுத்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் அவர்களுடைய வாழைக்காய்ப் பொரியலையே சாப்பிட்டார்கள். பாதிரியார் மட்டும் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு வேர்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கும் மாமாவுக்கும் பிரெஞ்சு தெரியாது. நான் இருவருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன். வாகனம், மூக்கு, குப்பைத்தொட்டி, சத்தமான பாட்டு என்று முறைப்பாடுகள் சுற்றி வந்தன. பிறகு மடாம் எழுந்தார்.

ஒரு வருடமாக ஒவ்வொரு காலையும் படிக்கட்டில் ஒரு சொல்லைக் கேட்கிறேன் என்றார். காருவால். நான் கதவைத் திறந்ததும் அந்தச் சொல் நின்றுவிடுகிறது. அதனால் அது என்னைப் பற்றியது என்று தெரியும். அதன் பொருள் என்ன என்று கேட்டார்.

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். தமிழ்ப் பக்கத்தில் எல்லோரும் தங்கள் காலுறைகளைப் பார்த்தார்கள். மாமா என் காதில் குனிந்தார்.

"பக்கத்து வீட்டுக்காரர் எண்டு சொல்லு. கெதியாச் சொல்லு."

எனக்குப் பொய் சொல்லத் தேவை இருக்கவில்லை. உண்மையே கையில் இருந்தது. எழுந்து நின்று, அது என் அப்பாவின் பெயர் என்று பிரெஞ்சில் சொன்னேன். கறுப்பாக இருப்பதால் அவருடைய அக்காமார் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முதலில் ஒரு ஹெயிட்டிக் கிழவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். மடாமின் வாயோரம்கூடக் கொஞ்சம் அசைந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அப்படியென்றால் கறுவல் நானல்ல, இவர்தான் என்றார். மறுபடி சிரிப்பு. நான் அதையும் பெருமையோடு மொழிபெயர்த்தேன்.

அப்பா சிரிக்கவில்லை.

"அப்பிடியில்லை," என்றார். "முழுக்கச் சொல்லு, பிள்ளை. ஊரிலை என்னை அப்பிடிக் கூப்பிட்டவை. எனக்கு அது ஒருநாளும் பிடிக்கேல்லை. இஞ்ச வந்து நான் இவவை அப்பிடிச் சொன்னனான்."

"அத்தான், சும்மா இருங்கோவன்," என்றார் மாமா. "பிள்ளை ஒரு மாதிரிக் காப்பாத்திப்போட்டுது. நீங்களாப் போய் விழுறியள்."

"நோகும் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். தெரிஞ்சுதான் எண்டதையும் சொல்லு."

சொன்னேன். பிரெஞ்சு தெரியாத அப்பா என்னைப் பார்க்கவில்லை. நான் ஒன்றும் விடாமல் சொல்கிறேனா என்பதை மடாமின் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வாயோரத்து அசைவு நின்றுபோனதை நானும் கண்டேன். மண்டபத்தில் சிரிப்பு இல்லை. மடாம் தன் கதிரையில் போய் இருந்தார். பாதிரியார் அவசரமாக எல்லோரையும் கோப்பி குடிக்க அழைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா முன்னால் நடந்தார். "நாளைக்குப் பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்று பனியிடம் கேட்பதுபோலக் கேட்டார். "அவ கதவு திறக்காட்டி நான் வேலையை விடோணும். உங்கடை ஒரு சம்பளத்திலை வாடகை குடுப்பமோ?" எனக்கு அம்மாவைவிடக் கோபம். கைதட்டு வாங்கிய என் பதிலை அப்பா எல்லோர் முன்னிலையிலும் பிழையாக்கிவிட்டார். அதுவும் பிழையில்லாத பதில்.

திங்கள் காலை அப்பா வேலையால் வந்து படுக்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து தம்பியைத் தானே வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போகும் உடுப்போடு அம்மா மேல்படியில் நின்றார். நான் புத்தகப் பையோடு அப்பாவின் பின்னால் இறங்கினேன்.

அப்பா கதவைத் தட்டினார். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று மறுபடி தட்டினார். உள்ளே ரேடியோ சத்தம் குறைந்தது.

மடாம் கதவைத் திறந்தார். வழக்கமாகக் கதவு திறக்கும்போதே தம்பியை நோக்கிக் கைகள் நீளும். அன்று நீளவில்லை. "பொன்சூர்" என்று காலை வணக்கம் மட்டும் சொன்னார். மன்னித்தேன் என்றோ மறந்தேன் என்றோ சொல்லவில்லை. உன் அப்பாவுக்குப் பிடித்த பெயர் என்னவென்று கேள் என்று என்னிடம் சொன்னார்.

அப்பா தன் முழுப்பெயரைச் சொன்னார். நீளமான பெயர், நடுவில் ஒரு ழகரம் வேறு. அதை நாங்களே ளகரமாகத்தான் சொல்வோம். மடாம் சொல்லிப்பார்த்தார், பிழைத்தது. அப்பா மெதுவாகத் திருத்தினார். மடாம் மறுபடி சொன்னார், வேறோர் இடத்தில் பிழைத்தது. பிறகு அப்பா என்னைக் கொண்டு அவருடைய பெயரைக் கேட்டார். அப்போதுதான் அது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று எனக்கே தெரிந்தது. மூக்கால் சொல்லவேண்டிய பெயர். அப்பாவின் வாயில் அது தும்மலாக வந்தது. மடாம் தலையை ஆட்டினார், இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார்.

வெளியே பள்ளிக்கூட பஸ்ஸின் சத்தம் கேட்டது. ஒரு வருடமாக மேலும் கீழுமாக இருந்த இரண்டு பெரிய ஆட்கள், பிள்ளை ஒருவரின் கையில் சிணுங்கிக்கொண்டிருக்க, பேர் சொல்லிப் பழக இந்த நேரமா கிடைத்தது?

"அப்பா, பஸ் போகப்போகுது," என்று அவருடைய கோட்டை இழுத்தேன். "பேர்தானே, பேந்து கேளுங்கோவன்."

"பொறு, பிள்ளை," என்றார் அப்பா, மடாமின் வாயைப் பார்த்தபடியே.

ஏறக்குறைய சரியாக வந்தபோது மடாம் கைகளை நீட்டித் தம்பியை வாங்கிக்கொண்டார். அம்மா படிகளில் ஓடி இறங்கி வேலைக்குப் போனார். நான் பஸ்ஸைத் தவறவிட்டேன். வெறும் ஒரு பேருக்காக என்னுடைய பஸ்ஸைப் போகவிட்டவர் என்று அன்று பின்னேரம்வரை அப்பாவோடு பேசவில்லை.