சாமி கிடாவைக் கட்டிப்போட்ட மாசி மாதம்

அந்த மாசியில் ஒருநாள், அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ். மூக்கைச் சுருக்கிக்கொண்டு வந்த கண்டக்டர் என் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“அண்ணே, கிடாய எங்க வச்சிருக்கீங்க? லக்கேஜ் போடணும்ல.”

கிடா எதுவும் இல்லை. அந்த வாடை என்னுடையது...

குளித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். அதைச் சொன்னால் இன்னும் கேவலம் என்று டிக்கெட் காசை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர் அடுத்த ஸ்டாப்பில் இடம் மாறிக்கொண்டார்.

வாடை வந்த கதையைச் சொல்கிறேன்.

என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று கருப்பருக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். ஊசியா, கருப்பரா என்று நான் ஆராயவில்லை. கொடுத்த வாக்கு, அவ்வளவுதான்.

ஒரு கருப்புக் குட்டியை வாங்கி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஊரில் அவிழ்த்துவிட்டோம். எங்கள் பக்கம் நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் கட்ட மாட்டார்கள், விரட்டவும் மாட்டார்கள். காலையில் ஒரு வீட்டுக் கழுநீர், மத்தியானம் இன்னொரு வீட்டு அகத்திக்கொழை, ராத்திரி யார் பட்டி திறந்திருக்கிறதோ அங்கே படுக்கை. எல்லா வீட்டிலும் வரவேற்பு. எனக்கே அந்த மரியாதை கிடையாது.

“என் கிடா” என்று சொல்லிக்கொண்டு மகள் அதன் பின்னாலேயே திரிவாள்.

அது நன்றாக வளர்ந்து நிற்கும்போதுதான் ஊரில் நோய் வந்தது. ஆடுகளுக்கு மூக்கில் சளி, கண்ணில் பீளை, வாயெல்லாம் புண், நாற்றமடிக்கிற கழிச்சல். வள்ளி அத்தாச்சி வீட்டில் முதலில் ஒரு வெள்ளாடு செத்தது, பிறகு அதன் குட்டி. புருஷன் இல்லாத அத்தாச்சிக்கு அந்தப் பட்டிதான் பிழைப்பு.

கால்நடை டாக்டரம்மா வந்தார். ஆட்டுக்கொல்லி நோய், வைரஸால் வருவது என்றார். வைரஸ் என்றால் கம்ப்யூட்டருக்கு வருவது என்று நினைத்திருந்தவன் நான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன்.

“சந்தையில புதுசா யாரும் ஆடு வாங்குனீங்களா?”

நாலைந்து பேர் வாங்கியிருந்தார்கள்.

“வாங்குனத தனியா கட்டி வச்சுப் பாத்தீங்களா? ஊசி போட்டீங்களா?”

அந்த நாலைந்து பேரும் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

“சரி, எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத் தேடிப் பிரயோசனமில்ல. ஒரு பட்டியிலருந்து இன்னொரு பட்டிக்கு எது போகுது, அதச் சொல்லுங்க.”

அப்போது பார்த்து, மூக்கு ஒழுக ஒழுக, சாமி கிடா அத்தாச்சி வீட்டுத் தொட்டியில் வாயை வைத்தது. எல்லாரும் கிடாவைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“இதக் கட்டுங்க” என்றார் டாக்டரம்மா.

“சாமி ஆடும்மா” என்று யாரோ சொன்னார்கள்.

“மிச்ச ஆடெல்லாம் யாரு ஆடு?”

அன்றைக்கு எனக்கு இரண்டு பக்கமும் பயம். கட்டாவிட்டால் அத்தாச்சியின் மிச்சப் பட்டியும் போகும். கட்டிப்போட்டு, அது செத்துப்போனால்?

“ஏங்க, அது செத்துட்டா நம்ம பிள்ளைக்கு...” என்று ஆரம்பித்த என் வீட்டுக்காரி முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டியிருக்கவில்லை.

பூசாரி சித்தப்பாவிடம் போனேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

“கருப்பர் வீட்டு ஆட்டக் கருப்பர் வீட்டுல கட்டுனா அவருக்கு என்னப்பா கோவம்? கோயில் வேம்புல கட்டு.”

“நீங்க கொஞ்சம் பாத்துக்கிருவீங்களா சித்தப்பா?”

“எனக்கும் வீட்டுல ஆடு கெடக்கு. நேந்துக்கிட்டவன் நீ, நீயே பாரு.”

நல்லா இருந்த ஆடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். நோய்ப்பட்டதைப் பார்க்கிறவன் மற்ற ஆடுகள் பக்கம் போகக் கூடாது என்று டாக்டரம்மாவின் உத்தரவு. கோயிலுக்கென்று ஒரு கைலி. திரும்பும்போது கண்மாயில் முங்கி, சோப்புப் போட்டு, வேற வேட்டி. என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படிக் குளித்ததில்லை.

வாய்ப்புண்ணோடு அதனால் மெல்ல முடியவில்லை. புண்ணைக் கழுவி, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பேன். நக்கி முடித்துவிட்டுத் தலையை என் மடியில் வைத்துக்கொள்ளும்... எந்தச் சோப்புக்கும் போகாத வாடை அப்படித்தான் ஏறியது.

ஒருநாள் அத்தாச்சி வீட்டு வழியாகப் போனேன்.

“தம்பி, அங்கிட்டே நில்லுங்க. சாமி உள்ள வந்தாலும் வரட்டும், நீங்க வராதீங்க.”

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அத்தாச்சி சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. மிச்ச ஆடுகள் தப்பிவிட்டன.

கிடாவும் பிழைத்துக்கொண்டது. டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார். “இனி இதுக்கு ஆயுசுக்கும் இந்த நோய் வராது.”

நானும் பூசாரி சித்தப்பாவும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். திருவிழா பக்கத்தில் வந்திருந்தது.

இப்போது எங்கள் ஊரில் ஊசி முகாம் என்றால், யார் நேர்ந்துவிட்ட சாமி கிடாவானாலும் அதற்குத்தான் முதல் ஊசி. கோயிலில் அதற்கென்று தனித் தொட்டி. சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரமாவது தனியாகக் கட்டிவைத்த பிறகுதான் பட்டியில் சேர்க்கிறோம். திருச்சியில் வேலை பார்க்கிற மகள் போன் போட்டு, “அப்பா, புதுக் குட்டிய ஒதுக்கிக் கட்டிருக்கீங்களா?” என்று என்னை அதட்டுகிறாள். “என் கிடா” என்று திரிந்தது அவளுக்கு ஞாபகமில்லை. நானும் ஞாபகப்படுத்தியதில்லை.

அந்த வருஷத் திருவிழா அன்று கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். சித்தப்பா அதன் தலையில் தண்ணீர் தெளித்தார். உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் வெட்டுவதற்குச் சாமி உத்தரவு. அது உதறவில்லை. மறுபடியும் தெளித்தார். தண்ணீர் முகத்தில் வழிய, அத்தனை கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்து, கஞ்சி கொண்டுவந்திருக்கிறேனா என்பதுபோல என் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

“ஏப்பா, நேந்தவன் நீ. மனசுல எதும் கொறை வச்சிருக்கியா? இருந்தா சொல்லிரு.”

தோளில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒன்னுமில்ல சித்தப்பா” என்றேன்.

உதறிவிடாதே என்று அதனிடம் நான் கெஞ்சிக்கொண்டிருந்ததைச் சொல்லவில்லை.