கக்கூஸ் டாக்டர்

முனைவர் பட்டத்துக்கு ஜானு எழுதிக்கொண்டுபோன தலைப்பை நெறியாளர் கஸ்தூரிரங்கன் இரண்டு முறை படித்தார். 'தி.நகர் ஜவுளிக்கடைப் பெண்களும் கழிப்பறையும்.'

"இதுல சோஷியாலஜி எங்கேம்மா இருக்கு? ப்ளம்பர் பண்ற வேலைன்னா இது! உடல், அடையாளம், அதிகாரம்னு ஏதாவது கொண்டுவா. வெளிநாட்டுக்காரன் படிப்பான்."

அடையாளத்தைத் தேடிக்கொண்டு ஜானு ரங்கநாதன் தெருவுக்குப் போனாள். மயிலாப்பூரில் வளர்ந்தவள். ஜவுளிக்கடையில் நாம் உட்கார்ந்திருப்போம், புடவையைப் பிரித்துப் போடுவார்கள் என்று மட்டும் தெரியும். பிரித்துப் போடுகிறவர்கள் காலை முதல் இரவுவரை நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பட்டுப் பிரிவில் புஷ்பம் என்றொரு பெண். தென்காசிப் பக்கம். சாப்பாட்டு வேளையில் ஜானு அவளைப் பிடித்தாள்.

"உங்க அடையாளத்தைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"அடையாள அட்டையா மேடம்? சூப்பர்வைசர்ட்டல்லா இருக்கு. அத குடுத்துட்டுத்தான் சாப்பாட்டுக்கோ பாத்ரூமுக்கோ போவணும். பத்து நிமிசம் தாண்டிட்டுன்னா எல்லார் முன்னாலயும் ஏசுவாவ. எதுக்கு வம்புன்னு நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம்."

இரண்டு வருடத்தில் நூற்றுப்பத்துப் பெண்களிடம் கேட்டாள். எழுபத்தாறு பேருக்குச் சிறுநீர்த் தொற்று. ஆய்வேடு தேறியது. தலைப்பில் இருந்த கழிப்பறை போய், பதினான்கு சொற்கள் குடிவந்திருந்தன. புஷ்பத்துக்கு ஒன்றுகூடப் புரியாது. அதே கணக்கை வைத்து கஸ்தூரிரங்கன் லண்டனில் கட்டுரை வாசித்தார். அடிக்குறிப்பில் ஜானுவுக்கு நன்றி சொல்லியிருந்தார். பெரிய மனசு.

அடையாறில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வந்த வாரமே சக ஆசிரியர்கள் 'கக்கூஸ் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜானு காதில் போட்டுக்கொள்ளவில்லை. பதினைந்து வருடத்தில் இருபது கட்டுரை எழுதினாள். இதற்கிடையில் மூன்றாம் மாடியில் ஆசிரியைகளுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையில், தர ஆய்வுக்கான கோப்புகளை அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். அதைவிட்டால் மைதானம் தாண்டி விடுதிக்குப் போகவேண்டும். பெண்கள் நலம் பற்றி நாள் முழுக்கப் பேசிவிட்டு, பேசிய தொண்டையைக்கூட நனைக்காமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள் ஜானு.

ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோபாலபுரத்து டாக்டர் ஜமீலுன்னிசாவிடம் போய் நின்றாள். டாக்டர் ஸ்கேனில் சிறுநீரகக் கல்லைப் பார்த்தார்.

"தண்ணி குடிக்கறதே இல்லையா? என்ன வேலை பார்க்கறீங்க?"

"பெண்கள் ஆரோக்கியம். ஆராய்ச்சி பண்றேன்."

"யாரோட ஆரோக்கியம்?"

டாக்டர் சிரிக்கக்கூட இல்லை.

மறுநாளே கல்லூரி முதல்வருக்கு மனுக் கொடுத்தாள். அவர் உடனே பாலின நீதிக் குழு ஒன்றை அமைத்தார். ஐந்து உறுப்பினர்கள், நால்வர் ஆண்கள். குழு பதினோரு மாதம் கூடிக்கூடி பஜ்ஜி தின்று, 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிக் கொடுத்தது. அந்த வாக்கியத்தைத் தன் கட்டுரைகளின் கடைசியில் எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று ஜானு யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஆத்திரம் யார்மேல் என்றே தெரியாமல் பொங்கியது.

அன்று மதியம் காவலாளியிடம் கழிப்பறைச் சாவியை வாங்கினாள். ஒன்பது மாணவிகளோடு கோப்புக் கட்டுகளைச் சுமந்து மூன்று மாடி இறங்கி, முதல்வர் அறையில் இறக்கினாள். அறுபத்துநான்கு கட்டு.

"என்ன மேடம் இது?"

"கோப்பு சார். உங்களோடது."

"இங்க எங்க வைக்கறது?"

"உங்க அறைக்குள்ளேயே ஒரு பாத்ரூம் இருக்கே சார்."

அனுமதியின்றிக் கல்லூரி ஆவணங்களை இடம் மாற்றியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பேராசிரியர் பதவி நின்றுபோனது. ஆனால் அத்தனை கட்டையும் திரும்ப மேலே தூக்க ஆள் கிடைக்கவில்லை. கழிப்பறை திறந்தே கிடந்தது.

பதவி, துறையில் இளையவனான நிரஞ்சனுக்குப் போனது. கட்டுகள் இறங்கிய மதியம் படிக்கட்டோரம் நின்று டீ குடித்தவன் அவன். 'நிறுவன வெளியில் அன்றாட எதிர்ப்பு' என்ற கட்டுரைதான் அவனைத் தூக்கிவிட்டது. பிரதியோடு மைசூர்பாகும் கொண்டுவந்தான்.

"உங்களைப் பத்திதான் மேடம். தகவலாளி ஒன்றுன்னு போட்டிருக்கேன். பேர் போடக்கூடாது, எதிக்ஸ்."

ஜானு பொறுமையாகப் படித்தாள். ஐந்தாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"நீயும் ரெண்டு கட்டு தூக்கிண்டு வந்ததா எழுதியிருக்கியே?"

நிரஞ்சன் நெளிந்தான். "அது மெத்தடாலஜி மேடம்."