தோள் பதினேழு

அந்தப் புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்தது ரவிக்கைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணி. மாம்பழ நிறம். புத்தகக் கடையில் விற்கிற புத்தகம் அல்ல அது. வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து எடுத்து, சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் வீட்டிலேயே கட்டிய பைண்டு. கறம்பக்குடியில் பழைய பேப்பர் கடைச் சாக்குகளுக்கு நடுவே அதை எடுத்தபோது எனக்கு முப்பது வயதிருக்கும். புரட்டிப் பார்த்ததில் ஓரத்தில் நெருக்கமாக மிஷின் தையல் ஓடியிருந்தது. தாளை மிஷினில் கொடுத்துத் தைக்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அரிசி மில்லில் வேலை. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டால், மணிக்கு ஒருமுறை காலால் கிண்டிவிட வேண்டும், ஆடு மாடு வராமல் பார்க்க வேண்டும், வானத்தைப் பார்க்க வேண்டும், மேகம் கறுத்தால் ஓடிப்போய் நெல்லை அள்ள வேண்டும். மற்ற நேரம் சும்மா இருப்பதுதான். பேசிப் பொழுது போக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நாலு பேர் கூடினால் எழுந்து போகிறவன். அதனால் படித்தேன். பழைய பேப்பர் கடைப் புத்தகங்களில் அட்டை இருக்காது, பலவற்றில் முடிவும் இருக்காது. யார் எழுதியது என்று தெரியாமலே நிறையப் படித்திருக்கிறேன்.

இந்த பைண்டில் எல்லா வாரமும் இருந்தது. பதினான்காவது வாரம் மட்டும் அச்சில் இல்லை. அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாள் நாலு. குண்டு குண்டான கையெழுத்து. யாரோ அந்த வார இதழ் கிடைக்காமல், இரவல் வாங்கிப் பார்த்து எழுதிச் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாலு தாளின் கடைசியில் கதாநாயகன் சேகர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போகிறான். பதினைந்தாவது வாரம், மறுபடி அச்சில், அதே சேகர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

நான் அதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளவில்லை. சேகர் ஆவியாக வந்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மீதிக் கதை முழுவதையும் பேய்க்கதையாகவே படித்தேன். அவன் கதவைத் திறந்தால் எனக்குப் புல்லரித்தது. கடைசி வாரத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆனபோது, அந்தப் பெண்ணை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் முறை படிக்கும்போதுதான் அந்தக் கையெழுத்துத் தாள்களில் ஏதோ உறுத்தியது. ‘சேகர் படியேறி வந்தான். தோள் பதினேழு இருக்கும்’ என்று இருந்தது. இன்னோர் இடத்தில், ‘கவலையில் அவள் இளைத்துப்போனாள். பழைய ரவிக்கைகளை இரண்டு பக்கமும் அரை இஞ்சு பிடிக்க வேண்டியிருந்தது.’ அச்சில் வந்த வாரங்களில் ஓர் இடத்தில்கூட யாருடைய தோளுக்கும் அளவு இல்லை. அப்படியானால் பதினான்காவது வாரத்தை எழுதியது வேறு ஆள். பார்த்து எழுதியதும் அல்ல. அது யார் என்பது எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

விடை மில்லுக்கே நடந்து வந்தது. மில் சாலையில் ரவிக்கை தைக்கும் ஓர் அக்கா இருந்தார். ஊரே அவரை டெய்லரக்கா என்றுதான் கூப்பிடும். ஒருநாள் மாவு அரைக்க வந்து வரிசையில் நின்றவர், பேங்குக்குப் புதிதாக வந்த மேனேஜர் ரோட்டில் போவதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார்: “ஆளு தோள் பதினேழுதான் இருக்கும். பதினெட்டுல சட்டையப் போட்டுக்கிட்டுத் திரியிறாரு பாரு.” என் கையிலிருந்த மரக்கால் நழுவி விழுந்தது.

போய்க் கேட்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பெண்கள் மட்டும் போகும் கடை. மனைவியின் ரவிக்கைத் துணி ஒன்றைச் சாக்காக வைத்து, பைண்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன். உள்ளே துணி கொடுக்க வந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும், “என்னங்கண்ணே, அளவு ஒங்களுக்கா?” என்றாள். வாசலிலேயே நின்றுவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போன பிறகுதான் உள்ளே போய் பைண்டை மிஷின் மேல் வைத்தேன்.

அக்கா அதைத் திறக்கவில்லை. முதுகுத் துணியை மட்டும் தடவிப் பார்த்தார்.

“இது ஒங்களுக்கு எங்கிட்டுத் தம்பி கெடச்சுச்சு?”

“பழைய பேப்பர் கடையிலக்கா.”

“அப்ப எரிக்கல. எடைக்குத்தான் போட்டுருக்காரு எங்க வீட்டுக்காரரு. பதினோரு பைண்டு. நான் ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள...” நிறுத்திவிட்டுப் பதினான்காவது வாரத்துக்குப் புரட்டினார். முகம் சிவந்துவிட்டது. “இதப் படிச்சீங்களா?”

“மூணு தடவ.”

சட்டென்று கத்தரிக்கோலை எடுத்து அந்த நாலு தாளின் தையலுக்கடியில் கொடுத்தார். “தெருவுல தெரிஞ்சா மானம் போயிரும். டெய்லரு கதை எழுதுறாளாம்னு சிரிப்பாளுக.”

நான் யாரையும் எதிர்த்துப் பேசியவன் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாய் வந்தது. “வெட்டாதீங்கக்கா. நான் யாருட்டயும் சொல்லல. வெட்டுனா கதையில ஓட்டை விழுந்துரும்.”

“இப்ப மட்டும் என்ன வாழுதாம்? செத்தவன் மறுவாரம் காப்பி குடிக்கிறான். படிச்சவுக சிரிக்க மாட்டாகளா?”

“நான் சிரிக்கலக்கா. பேயின்னு நெனச்சேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “பேயின்னா?”

“கடைசி வரைக்கும். கல்யாணத்தப்பயும்.”

அக்கா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தது அப்போதுதான். பிறகு அவராகவே சொன்னார். பதிமூன்றாவது வாரத்தோடு இதழ் வாங்க வேண்டாம் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். “இனி சேகர் வரவே மாட்டான்னு ஆயிருச்சு. அவன் என்ன ஆனான்னு தெரியாம இருக்க முடியல. அதான் நானே முடிச்சுப்புட்டேன். நாலு நாள் அழுதேன். பொறவு பார்த்தா, பக்கத்து வீட்டுல வாங்க ஆரம்பிச்சுட்டாக, படிச்சுட்டு எனக்குக் குடுத்துருவாக. இவன் உக்காந்து காப்பி குடிக்கிறான்.”

பைண்டை மூடி, முடிந்த ரவிக்கைகளை வைக்கும் பக்கத்தில் வைக்காமல், ஆல்ட்ரேஷன் துணிகள் கிடந்த பக்கத்தில் வைத்தார். “வச்சுட்டுப் போங்க தம்பி. வெள்ளிக்கெழம வாங்க.”

வெள்ளிக்கிழமை போனபோது நாலாவது தாளின் பின்பாதி வெட்டப்பட்டு, புதுத்தாள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. அங்கேயே நின்று படித்தேன். லாரி சேகரின் சட்டையை மட்டும் கிழித்துக்கொண்டு போயிருந்தது. ‘தோள் தையல் பிரிந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம் என்று நடந்தான்.’ பிசிறில்லாமல் பதினைந்தாவது வாரத்தோடு சேர்ந்துகொண்டது.

“நீங்களே வச்சுக்கங்க” என்றார் அக்கா. “எங்க வீட்டுல இருந்தா மறுபடி எடைக்குத்தான் போகும்.” மனைவியின் ரவிக்கையையும் தைத்து வைத்திருந்தார். அதற்கு அளவு கேட்கவே இல்லை. அவளைத் தெருவில் பார்த்த கண்ணே போதும் போலிருக்கிறது.

அவர் மகளோடு திருப்பூருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் இன்னும் அதே மில்லில்தான் இருக்கிறேன், அதே கடையில்தான் புத்தகம் எடுக்கிறேன். ஒன்று மட்டும் புதிதாகத் தொற்றிக்கொண்டது. முடிவில்லாத புத்தகம் கிடைத்தால், களத்தில் உட்கார்ந்து ஒன்றிரண்டு தாளில் நானே முடிவு எழுதிப் பசை போட்டு ஒட்டி, கடைச் சாக்கில் திரும்பப் போட்டுவிடுகிறேன். என் பெயரை எழுதுவதில்லை. இதுவரை பத்துக்கு மேல் இருக்கும். யார் எடுத்துப் போனார்கள், என்ன நினைத்தார்கள், தெரியாது.

போன வாரம் ஒன்றை ஒட்டும் முன் திரும்பப் படித்துப் பார்த்தேன். மதராஸில் நடக்கிற கதை. காதலர்கள் கடற்கரையில் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பேசத் தொடங்கும்போது மேற்கே வானம் கறுக்கிறது, எல்லாரும் எதையோ அள்ளப் போவதுபோல ஓடுகிறார்கள். முன்னால் எழுதியவற்றை நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் மழை வருகிறது. மாற்றி எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருக்கட்டும் என்று அப்படியே ஒட்டிவிட்டேன்.