எக்ஸ்ட்ரீம்லி சார்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக எல்லாக் கடிதத்தையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்: ‘வீ ஆர் எக்ஸ்ட்ரீம்லி சாரி.’ வெறும் ‘சாரி’ என்று எழுதினால் சட்டை போடாமல் தெருவில் இறங்கியது போல அவருக்குக் கூசும். ஆபீசில் அவருக்கு ‘எக்ஸ்ட்ரீம்லி சார்’ என்றே பேர். அதை மரியாதை என்று நம்பிய ஒரே ஆள் தான்தான் என்பது அவருக்கே ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது.

ஒரு நாள் காலையில், பக்கத்துத் தெருக் கட்டிடம் ஒன்றில் ஐந்தாம் மாடியில் தையல்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் வந்து, ஆறு கடிதங்களை அவர் மேஜையில் பரப்பினார். ஆறும் இவர் கைவரிசை.

“சார், இந்த வார்த்தை எல்லாத்துலயும் இருக்கே. என்ன அர்த்தம்?”

“ரொம்ப ரொம்பன்னு அர்த்தம்மா. அதுக்கு மேல போக முடியாதுங்கிற அளவுக்கு.”

“முதல் தடவை கதவு ரெண்டு நிமிஷம் திறக்கல. போன வாரம் ஒன்றரை மணி நேரம் உள்ள மாட்டிக்கிட்டேன். ரெண்டுக்கும் ஒரே வருத்தம்தானா?”

அவர் முதல் கடிதத்தையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் கடிதத்திலேயே உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டவன் ஆறாவதற்கு எங்கே ஏறுவான்?

“நேர்ல வந்து பாக்கறேம்மா” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் ஒரு லிஃப்டைக்கூட அவர் போய்ப் பார்த்ததில்லை. ஆபீஸ் தரைத்தளம், வீடும் தரைத்தளம்.

அன்று மதியமே போனார். துணி மூட்டையோடு அம்மாள் ஒரு பக்கம், ஃபைலோடு இவர் ஒரு பக்கம். மூன்றாம் மாடி தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மங்கலாக ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

“ஐயோ! யாராவது வாங்களேன்! செத்தேன்!” என்று இவர் அலறினார். இங்கிலீஷ் ஒரு சொல்கூட துணைக்கு வரவில்லை.

“சார், கத்தாதீங்க. மணிய அடிச்சிட்டேன், வருவாங்க. இந்த மூட்டை மேல உக்காருங்க” என்றார் அம்மாள். பிறகு அவர் காலைப் பார்த்து, “பேண்ட் நீளம் ஜாஸ்தியா இருக்கே” என்று பையிலிருந்து ஊசியை எடுத்து, அந்த மங்கல் வெளிச்சத்திலேயே பேண்டின் இரண்டு கால் நுனியையும் மடித்துத் தைத்தார். ஆள் வந்து கதவைத் திறக்க நாற்பது நிமிடம் ஆனது. அதுவரை புகார் கொடுத்தவர் தைரியம் சொல்ல, பதில் எழுதுகிறவர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த அழகில் கம்பெனிக்கு மானம் மரியாதை வேறு!

திரும்பி வந்ததும் மேனேஜருக்கு எழுதினார்: ‘மோட்டார் போய்விட்டது. நானே உள்ளே இருந்தேன். மாற்றுங்கள்.’

“உங்க லெட்டர் மாதிரியே இல்லையே. கோபமா?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார். பயம்.”

வியாழக்கிழமை புது மோட்டார் போட்டார்கள். மறுநாள் பார்க்கப் போனவர் மூச்சு வாங்க, வேர்த்து விறுவிறுத்துத் தையல்கடை வாசலில் நின்றார்.

“லிஃப்ட் நல்லாத்தான ஓடுது? ஏன் சார் படியேறி வந்தீங்க?”

“உடம்புக்கு நல்லதும்மா” என்று கூசாமல் புளுகினார். அம்மாள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கொஞ்சம் மூச்சு வந்ததும் அவரும் சேர்ந்து சிரித்தார்.