அவள் வாசித்த முடிவு

ஆஸ்பத்திரித் துணிகளைத் தேய்த்து மடிக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் பெயர் ரேடியோ. மற்றவர்கள் நின்றுகொண்டு விரிப்புகளை மடிக்க, அவள் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமாக நாவல் வாசிப்பாள். அவள் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மேற்பார்வையாளர் கண்டும் காணாதவர்போல் போய்விடுவார். காதல் கட்டம் வந்தால் மட்டும் அவருக்கும் வாசலருகே ஏதாவது வேலை இருக்கும்.

ஒரே ஒரு நாவலைத்தான் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். ஏமாற்றிவிட்டுப் போன காதலன் ஒரு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். நாயகி உள்ளே நின்று அழுகிறாள், திறக்கவில்லை. மறுநாள் தலைவாரிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அவ்வளவுதான் முடிவு. ஒவ்வொரு தடவையும் கூடமே மூக்கை உறிஞ்சும்.

ரேடியோவுக்கும் அப்படியே நடந்தது. அதே கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவின் தம்பி அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, வேறொருத்தியோடு போனான். பிறகு கையைப் பிசைந்துகொண்டு திரும்பி வந்து தட்டினான். அவள் திறக்கவில்லை. அந்தத் தைரியத்தை நாவல்தான் கொடுத்தது. அவன் எங்கோ வேலைக்குப் போன இடத்தில், பார்க்க ஆளில்லாமல் காய்ச்சலில் செத்துப்போனான். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும்போல் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த நாவல் இப்போது படமாக வந்தது. கூடமே கிளம்பிப் போனது. கடைசிக் காட்சியில் கதவு தட்டப்பட்டது. நாயகி ஓடிப்போய்த் திறந்தாள்! தியேட்டர் முழுக்கக் கைதட்டல். ரேடியோ பிடித்துக்கொண்டு நின்ற ஒரே கொம்பையும் எவனோ முறித்துப் போட்டுவிட்டான்.

வெளியே வந்ததும் எல்லாரும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“அடிப்பாவி, நீதான் மாத்தி வாசிச்சிருக்க!”

“சத்தியமா இல்ல. சினிமாக்காரங்கதான் மாத்திட்டாங்க.”

“இவ்வளவு செலவு பண்ணி எடுக்கறவங்களுக்குக் கதை தெரியாதாக்கும்! நீ திறக்கல, அதனால அவளையும் திறக்க விடல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். அவர்களுக்கு அந்தப் புத்தகம் என்றால் அவள் குரல்தான். ஒருத்தியும் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததாக அவளுக்குத் தெரியாது. அவளும் சிரித்து வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் அக்கா மட்டும் கூட இருந்தாள்.

“நீ சரியாத்தான் வாசிச்ச,” என்றாள் அக்கா. “அப்புறமா நானும் வாங்கிப் படிச்சேன்.”

ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப அங்கயே சொல்லியிருக்கலாம்ல அக்கா?”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“நீ கடைசியா அத வாசிச்சப்ப, என் தம்பி உன்கிட்ட திரும்பி வரப்போறான்னு எனக்குத் தெரியும்டி. முடிவ வாசிக்காதன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. கதைதானேன்னு விட்டுட்டேன்.”

ரேடியோ அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்மேல தப்பே இல்ல. அவன் பண்ணினதுக்கு நானா இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்,” என்றாள் அக்கா. “ஆனா இன்னிக்கு அவ திறந்தா பாரு, மொதல்ல கை தட்டினது நான்தான். பொய்னு தெரியும். நாளைக்கு மறுபடியும் பாக்கப் போறேன். நீ வர வேணாம்.”